கரிக்கப்பலில் ஒரு பற்சக்கரம்

1909-ஆம் வருஷத்தில், இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள டைன் நதித் துறையில், பழைய சரக்குக் கப்பல் ஒன்று கைமாறிற்று. அதன் பெயர் வெஸ்பேஸியன். 1887-இல் கட்டப்பட்டது. அழகென்றோ வேகமென்றோ அதனிடம் சொல்லத்தக்க பெருமை எதுவும் கிடையாது. நிலக்கரி சுமப்பதே அதன் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷ உழைப்பில் களைத்துப்போன அந்தக் கப்பலை வாங்கியது யார் என்று பார்த்தால்தான் நமக்கு வியப்பு உண்டாகிறது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு, உலகத்தில் அதுவரை எந்தக் கப்பலும் ஓடாத வேகத்தில் ஒரு படகை ஓட்டிக் காட்டிப் பிரிட்டிஷ் கடற்படை முழுவதையும் திகைக்க வைத்த சார்லஸ் பார்ஸன்ஸின் கம்பெனிதான் அதை வாங்கிற்று!

வேகத்தால் பெயர் பெற்ற மனிதருக்கு ஆமை நடைபோடும் கரிக்கப்பல் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டுமானால் சிறிது பின்னோக்கிப் போகவேண்டும்.

பார்ஸன்ஸ் 1854-இல் பிறந்தவர். அவருடைய தந்தை ரோஸ் பிரபு, அயர்லாந்தில் தமது மாளிகைத் தோட்டத்தில் ஆறடி விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்டு மாபெரும் தூரதிருஷ்டிக் கருவியை 1845-இல் அமைத்தவர். இத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். மற்றப் பொழுதெல்லாம் தந்தையின் பட்டறையில் கழிந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று தேறினார். தேறிய கையோடு நியூகாசில் நகரத்து ஆலை ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிரபுவின் மகன் எண்ணெய்க் கறையுடன் நிற்பதைக் கண்டு அக்காலத்தார் என்ன நினைத்தார்களோ, நாம் அறியோம். ஆனால் கணிதம் கற்ற மூளையும் உளி பிடித்த கையும் ஒருவரிடமே சேர்ந்தது உலகத்துக்கு நன்மையாயிற்று.

1884-இல் அவர் முதல் நீராவி டர்பைனைச் செய்தார். டர்பைன் என்றதும் மருள வேண்டியதில்லை. குழந்தைகள் பனையோலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் அல்லவா? காற்றுக்குப் பதிலாக நீராவியைப் பாய்ச்சி அந்தக் காற்றாடியைச் சுழற்றினால் அதுதான் டர்பைன். அதற்கு முன் இருந்த நீராவி யந்திரங்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ஒவ்வொரு தடவையும் மேலே போய் ஒரு கணம் நிற்கும். கீழே வந்து ஒரு கணம் நிற்கும். டன் கணக்கான இரும்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் யந்திரம் அதிரும், கப்பல் அதிரும், பிரயாணியின் பல்லும் அதிரும். டர்பைனிலோ சுழற்சியைத் தவிர வேறு அசைவு இல்லை.

இவ்வளவு எளிதான காரியத்தை அதற்குமுன் ஏன் ஒருவரும் செய்யவில்லை? நீராவியின் வேகம்தான் காரணம். பாய்லரின் அழுத்தத்திலிருந்து காற்றற்ற வெளிக்கு ஒரே மூச்சில் பாயும் நீராவி, விநாடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தை அடைந்துவிடும். அந்த வேகத்தில் ஏறத்தாழப் பாதியாவது சக்கரத்தின் விளிம்புக்கு இருந்தால்தான் நீராவி தன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்து வெளியேறும். சக்கரம் மெதுவாகச் சுழன்றால், நீராவி பாதிச் சக்தியைத் தன்னோடேயே கொண்டுபோய்விடும். ஓரடி விட்டமுள்ள சக்கரம் அந்தக் கணக்குக்கு நிமிஷத்தில் 28,000 தரத்துக்கு மேல் சுழலவேண்டும்! ஸ்வீடன் தேசத்து லாவால் என்பவர் துணிந்து அப்படியே சுழற்றினார். சிறு யந்திரங்களுக்கு அது சரிப்பட்டது.

பார்ஸன்ஸ் வேறு வழி கண்டார். உயரமான கரையிலிருந்து குளத்தில் குதிப்பவன் காலை ஒடித்துக்கொள்ளக் கூடும். படித்துறையில் இறங்குகிறவனுக்கு ஆபத்தில்லை. அதுபோல நீராவியின் அழுத்தத்தை ஒரேயடியாக விடாமல், பல வரிசைத் தகடுகளின் வழியே படிப்படியாக இறங்கச் செய்தார். ஒரு வரிசை அசையாமல் நின்று நீராவியைத் திருப்பிவிடும். அடுத்த வரிசை சுழலும். மீண்டும் ஒரு நிலையான வரிசை. மீண்டும் ஒரு சுழலும் வரிசை. ஒவ்வொரு படியிலும் வேகம் அடக்கமாகவே இருக்கும். அப்படியும் அவருடைய முதல் டர்பைன் நிமிஷத்துக்கு 18,000 தரம் சுழன்றது. மின்சாரம் உண்டாக்கும் டைனமோவுக்கு அது நல்ல ஜோடியாக அமைந்தது.

ஆனால் கப்பலின் விசிறி டைனமோ அல்ல. இங்கேதான் நமது கதையின் சிக்கல் தொடங்குகிறது.

டர்பீனியா

1894-இல் பார்ஸன்ஸ் சில நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்து, டர்பீனியா என்ற சிறு கப்பலைக் கட்டினார். நூறடிக்குச் சற்று அதிக நீளம், ஒன்பதடி அகலம், நாற்பத்து நான்கரை டன் எடை. கட்டுவதற்குமுன் இரண்டடி நீளத்தில் ஒரு பொம்மைக் கப்பலைச் செய்து தூண்டில் நூலால் குளத்தில் இழுத்துப் பார்த்தார். பிறகு ஆறடி நீளத்தில் இன்னொன்று செய்து, ரப்பரை முறுக்கிவிட்டு அதை ஓட்டினார். நம் பிள்ளைகள் செய்யும் விளையாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அவர் ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டார்.

பொம்மை நன்றாக ஓடிற்று. நிஜக் கப்பல் ஏமாற்றிவிட்டது. டர்பைன் சுழல்கிறது, விசிறியும் சுழல்கிறது, கப்பலோ எதிர்பார்த்த வேகத்துக்கு எட்டவே இல்லை. மணிக்கு இருபது கடல் மைலைத் தாண்டுவதே அரும்பாடாயிற்று. விசிறியை மாற்றினார், மறுபடி மாற்றினார், பயனில்லை. வேறொருவராயிருந்தால் டர்பைனைக் குறை கூறியிருப்பார். பார்ஸன்ஸ் தண்ணீரைச் சந்தேகித்தார்.

விசிறி மிக வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களின் முதுகுப் பக்கத்தில் நீரின் அழுத்தம் மிகவும் குறைந்து போகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழிகளாக மாறிவிடும். அப்போது விசிறி நீரைத் தள்ளுவதில்லை. தானே உண்டாக்கிய வெற்றிடத்தில் வீணாகச் சுழல்கிறது. சேற்றில் அகப்பட்ட வண்டிச் சக்கரத்தின் நிலைமைதான். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றிலும் இந்தத் தொல்லை அதே காலத்தில் தெரியவந்திருந்தது. நீரில் குழி விழுதல் என்று இதைச் சொல்லலாம்.

இதைக் கண்ணாலே பார்த்துவிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. 1895-இல் ஒரு சிறு தொட்டி செய்தார். அதிலே இரண்டங்குல விட்டமுள்ள விசிறி. தொட்டி நீரைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவாகக் காய்ச்சினார். சூடான நீரில் குமிழிகள் எளிதில் உண்டாகும் அல்லவா? சுழலும் கண்ணாடியின் உதவியால் விளக்கொளியை விட்டுவிட்டு விழச் செய்து, ஓடும் விசிறி அசையாமல் நிற்பதுபோலத் தோன்றச் செய்தார். இதழ்களின் முதுகில் குழிகள் விழுவதும் பெருகுவதும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. உலகத்தில் முதல் முதலாக இந்தக் காரியத்துக்கென்றே செய்யப்பட்ட தொட்டி அதுதான்.

நோய் தெரிந்தபின் மருந்து கிடைத்தது. ஒரே டர்பைனையும் ஒரே அச்சுத்தண்டையும் கழற்றிவிட்டு, மூன்று டர்பைன்களை வரிசையாக வைத்து, நீராவி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்படி அமைத்தார். மூன்று டர்பைன்களுக்கு மூன்று அச்சுத்தண்டுகள். ஒவ்வொரு தண்டிலும் மும்மூன்று விசிறிகள். ஆக ஒன்பது சிறு விசிறிகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. டர்பீனியா மணிக்கு 34 கடல் மைலுக்குமேல் பறந்தது.

1897 ஜூன் 26-ஆம் தேதி விக்டோரியா ராணியின் வைர விழாவை முன்னிட்டு ஸ்பிட்ஹெட் என்னுமிடத்தில் கடற்படை அணிவகுப்பு நடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் போர்க்கப்பல்கள் வரிசை வரிசையாக நின்றன. உலகெங்குமிருந்து வந்திருந்த பிரமுகர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த வரிசைகளின் நடுவே டர்பீனியா பாய்ந்தோடிற்று. காவற்படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. ஆதிக்கத்தின் பலத்தைக் காட்டக் கூட்டிய கூட்டத்திலே, அந்தப் பலமெல்லாம் பழசாய்ப் போயிற்று என்பதை ஒரு சிறு படகு காட்டிவிட்டுப் போயிற்று!

சண்டையிடும் ஜோடி

அதன்பின் டர்பைனுக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்தே வந்தன. டர்பைன் பூட்டிய வைப்பர் என்னும் நாசகாரிக் கப்பல் 1901 ஆகஸ்டில் மூடுபனியில் பாறையில் மோதி அழிந்தது. அடுத்த மாதமே கோப்ரா என்னும் இன்னொரு கப்பல் வட கடலில் இரண்டாக முறிந்து மூழ்கிற்று. மாண்டவர்களில் பார்ஸன்ஸின் ஆலையைச் சேர்ந்தவர்களும் பலர் இருந்தனர். குற்றம் டர்பைனுடையதன்று, ஆயினும் நாவாயோட்டிகள் அந்தப் பாம்புப் பெயர்களை மறக்கவில்லை. அதே 1901-இல் ஸ்காத்லாந்தின் கிளைடு நதியில் கிங் எட்வர்டு என்னும் பிரயாணிக் கப்பல் டர்பைனுடன் வெற்றிகரமாக ஓடத் தொடங்கியதால்தான் அந்தத் தொழில் பிழைத்தது. 1906-இல் டிரெட்நாட் போர்க்கப்பல். 1907-இல் லூஸிடானியா, மாரிடானியா என்ற இரு பெரிய அட்லாண்டிக் கப்பல்கள். எல்லாவற்றிலும் டர்பைன்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது முழு வெற்றி. பார்ஸன்ஸுக்கோ மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டேயிருந்தது.

விஷயம் இதுதான். டர்பைன் விரைந்து சுழன்றால்தான் நீராவியின் சக்தியை நன்றாகக் கறக்கும். விசிறி மெதுவாகச் சுழன்றால்தான் நீரை நன்றாகத் தள்ளும். சிறு விசிறியைப் படபடவென்று வீசுவதைக் காட்டிலும், பெரிய பனைவிசிறியை நிதானமாக வீசினால் அதிகக் காற்று வருவதை எல்லோரும் அறிவோம். கொஞ்சம் நீரை மிக வேகமாக எறிவதைவிட, நிறைய நீரை மெல்லப் பின்னுக்குத் தள்ளுவதே கப்பலுக்கு லாபம். சரக்குக் கப்பலின் விசிறிக்கு நிமிஷத்துக்கு எழுபது, எண்பது சுற்று போதும். டர்பைனுக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால், குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். இரண்டும் தம் இயல்பை விட்டுக்கொடுத்து, இரண்டுக்கும் பிடிக்காத ஒரு நடுவேகத்தில் ஓடும்.

மாரிடானியாவில் டர்பைனை நிமிஷத்துக்கு ஏறத்தாழ 180 சுற்றுக்கு அடக்கிவைத்தார்கள். சுற்று குறைந்தாலும் விளிம்பின் வேகம் குறையக் கூடாதென்பதற்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். அதன் குறைந்த அழுத்த டர்பைனிலுள்ள சுழலும் உருளையின் விட்டம் ஆள் உயரத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு. எடையோ நூறு டன்னுக்கு மேல். இத்தனை பெரிய உருளையைச் சுற்றியுள்ள வளைவெளியில் நீராவியைப் பரப்பவேண்டியிருந்ததால் முதல் வரிசைத் தகடுகள் மிகக் குட்டையாக அமைந்தன. தகட்டின் நுனிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே உராயாதபடி ஓர் இடைவெளி விட்டுத்தானே ஆகவேண்டும்? தகடு நீளமாயிருந்தால் அந்த இடைவெளி ஒரு பொருட்டல்ல. தகடு குட்டையானால், வேலை செய்யாமலே அந்தச் சந்து வழியாக ஓடிப்போகும் நீராவி அதிகம்.

ஓடிப்போகும் நீராவியெல்லாம் யாரோ எரித்த கரிதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மாரிடானியாவில் 25 பாய்லர்கள். அவற்றுக்கு 192 அடுப்பு வாய்கள். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் கரி அந்த வாய்களுக்குள்ளே போயிற்று. இயந்திரக் கை ஒன்றும் அதைப் போடவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட மனிதர்கள், நீர்மட்டத்துக்குக் கீழே, வெயில் காணாத அனலறையில், முறைவைத்து மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்கள். மேல் தட்டிலே சங்கீதமும் விருந்தும் நடந்தபோது கீழே அவர்கள் செய்த வேலையை எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். டர்பைனின் திறன் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால் அந்த மண்வெட்டிகளில் பத்தில் ஒரு பங்கு ஓயும் என்ற கணக்கு மட்டும் இங்கே போதும்.

வேகக் கப்பல்களாவது எப்படியோ சமாளித்தன. போர்க்கப்பல் தன் ஆயுளில் பெரும்பகுதியை மெதுவான ரோந்திலேயே கழிக்கிறது. அப்போது அதன் டர்பைன் இன்னும் மெதுவாகச் சுழன்று இன்னும் அதிகமாகக் கரியைத் தின்றது. அமெரிக்கக் கடற்படையார் இதைக் கண்டு சலித்து, டர்பைன் பூட்டிய கப்பல்களைக் கட்டிய பிறகும், 1914-இல் சேவைக்கு வந்த நியூயார்க், டெக்ஸாஸ் என்னும் போர்க்கப்பல்களுக்குப் பழைய பிஸ்டன் யந்திரத்தையே பூட்டினார்கள்! பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கவேண்டியவர்களுக்கு வேகத்தைவிட எரிபொருள் பெரிதாகத் தோன்றிற்று.

சமரசமாக வேறு சில ஏற்பாடுகளும் நடந்தன. பிஸ்டன் யந்திரம் உபயோகித்துவிட்டு வெளியே விடும் நீராவியில் இன்னும் சாரம் இருக்கிறது. ஆனால் அது மிகவும் விரிந்துவிட்டபடியால், அதற்கேற்ற உருளையைச் செய்தால் கப்பலே கொள்ளாது. அந்த மெலிந்த நீராவியை ஒரு டர்பைனில் விட்டால் மிச்சச் சாரத்தையும் எடுத்துவிடலாம். எல்லோருக்கும் பெயர் தெரிந்த டைட்டானிக்கில் இந்த ஏற்பாடுதான் இருந்தது. இரு பக்கத்து விசிறிகளையும் பிஸ்டன் யந்திரங்கள் ஓட்ட, நடு விசிறியை டர்பைன் ஓட்டிற்று. டர்பைன் ஒரு திசையில்தான் சுழலும். பின்னோக்கிச் செல்ல அதற்குத் தனி டர்பைன் வேண்டும். டைட்டானிக்கின் நடு விசிறிக்கு அது கிடையாது.

மெதுவான சரக்குக் கப்பல்களோ டர்பைனின் பக்கமே வரமுடியவில்லை. அக்காலத்தில் உலகத்துக் கப்பல்களில் பெரும்பான்மை அவைதாம். அரிசியும் கோதுமையும் பருத்தியும் கரியும் சுமந்தவை அவைதாம். அந்தக் கதவு திறக்காதவரையில் தம் காரியம் முடியவில்லை என்று பார்ஸன்ஸ் கருதினார். அதற்காகத்தான் வெஸ்பேஸியனை வாங்கினார்.

கரிக்கப்பலில் நடந்த சோதனை

நூல் நூற்கும் ராட்டினத்தைப் பார்த்திருக்கும் நம் வாசகர்களுக்கு அவர் செய்த காரியம் உடனே விளங்கும். ராட்டினத்தில் பெரிய சக்கரத்தைக் கை மெதுவாகச் சுற்றுகிறது. சிறிய கதிர் விர்ரென்று சுழல்கிறது. இரண்டையும் கயிறு இணைக்கிறது. இதை அப்படியே தலைகீழாக்கினால் கப்பலுக்குத் தேவையானது கிடைத்துவிடும். டர்பைன் சிறு சக்கரத்தை விரைவாகச் சுழற்ற, அது பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுழற்ற, பெரிய சக்கரத்தின் தண்டில் விசிறி இருக்கவேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான குதிரைச் சக்தியைக் கயிறு தாங்காது. பற்சக்கரம் வேண்டும்.

யோசனை புதிதல்ல. லாவால் தமது சிறு டர்பைன்களுக்குப் பற்சக்கரம் பூட்டியிருந்தார். பார்ஸன்ஸே 1897-இல் ஒரு சின்னஞ்சிறு படகில் அதைச் செய்து பார்த்திருந்தார். எனினும் கடலில் இரவும் பகலும் வாரக்கணக்காக ஓடவேண்டிய பெரிய கப்பலுக்கு இது ஆகுமா? பற்கள் ஊளையிடும், தேயும், நடுக்கடலில் ஒடிந்து விழும் என்று அநுபவசாலிகள் சொன்னார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமலில்லை.

பார்ஸன்ஸ் சோதனையை அமைத்த விதத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்கவேண்டும். கப்பலை வாங்கியதும் பழைய யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. முதலில் அதைப் பழுது பார்த்து, நல்ல நிலைக்குக் கொண்டுவந்தார். அந்த நிலையில் கப்பலைக் கடலில் ஓட்டி, எவ்வளவு கரி, எவ்வளவு நீர் செலவாகிறதென்று அளந்தார். பிறகுதான் யந்திரத்தைக் கழற்றி டர்பைனையும் பற்சக்கரத்தையும் வைத்தார். பாய்லர் பழையதே, விசிறி பழையதே, தண்டும் பழையதே. மாறியது நடுவிலுள்ள யந்திரம் ஒன்றுதான். தோற்கும் கட்சிக்கு முதலில் வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு மல்யுத்தத்துக்கு அழைப்பதுபோன்ற நேர்மை இது! பழைய யந்திரம் கெட்டுப் போயிருந்தது, அதனால்தான் புதியது ஜெயித்தது என்று பிற்பாடு ஒருவரும் சொல்ல இடமில்லை.

உயர்ந்த அழுத்த டர்பைன் ஒன்று, தாழ்ந்த அழுத்த டர்பைன் ஒன்று. இரண்டும் பெரிய சக்கரத்தின் இரு பக்கங்களிலும் அமர்ந்து, தத்தம் சிறு சக்கரத்தால் அதைச் சுழற்றின. சிறு சக்கரத்துக்கு 20 பற்கள், பெரியதற்கு 398. டர்பைன் ஏறத்தாழ 1,400 தரம் சுழன்றால் விசிறி எழுபது தரம் சுழலும். பற்களை நேராக வெட்டாமல் மீன்முள்போல் இரு பக்கமும் சாய்த்து வெட்டியிருந்தார்கள். நேரான பற்கள் ஒவ்வொன்றாக மோதும். சாய்ந்த பற்களில் ஒன்று விலகுமுன் அடுத்தது தோள் கொடுத்துவிடும்.

1910-இல் முடிவு வெளியாயிற்று. அதே வேகத்துக்கு முன்னைக் காட்டிலும் நூற்றுக்கு 15 பங்கு செலவு குறைந்தது. பின்னர் சில மாறுதல்கள் செய்து 22 பங்குவரை கொண்டுபோனார்கள். பற்சக்கரத்தில் வீணாகும் சக்தி நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. வெஸ்பேஸியன் வழக்கம்போலக் கரி ஏற்றிக்கொண்டு கடலில் போய்வந்தது. ஆயிரக்கணக்கான மைல் ஓடியபின் திறந்து பார்த்தபோது பற்கள் தேய்ந்ததாகச் சொல்லத்தக்க அடையாளமே இல்லை.

ஸ்பிட்ஹெட்டில் கூடியதுபோன்ற கூட்டம் இந்தச் சோதனைக்குக் கூடவில்லை. ஆயினும் நம்முடைய அபிப்பிராயத்தில் பார்ஸன்ஸின் பெரிய வெற்றி டர்பீனியா அல்ல, இந்தக் கரிக்கப்பல்தான். டர்பீனியா ஒரு கப்பல் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று காட்டிற்று. வெஸ்பேஸியன் எல்லாக் கப்பல்களும் எவ்வளவு சிக்கனமாகப் போகலாம் என்று காட்டிற்று.

ஊளையும் உந்தலும்

இரண்டு தொல்லைகள் பாக்கியிருந்தன. ஒன்று ஊளை. பல் வெட்டும் இயந்திரத்துக்குள்ளேயும் ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது. அதிலுள்ள மயிரிழைக் குறைகள், வெட்டப்படும் சக்கரத்தில் ஒரே கோட்டில் பதிந்துவிடும். அந்தக் கோடு வரும்போதெல்லாம் பற்கள் ஒரே தாளத்தில் அதிர்ந்து ஊளையிடும். 1912-இல் பார்ஸன்ஸ் இதற்கு ஓர் உபாயம் செய்தார். வெட்டப்படும் சக்கரம், இயந்திரத்தின் சக்கரத்தைவிடச் சற்றே முந்திச் சுழலும்படி செய்தார். குறை அழியவில்லை, சாய்வாகப் பரவிவிட்டது. தறியில் ஒரே இடத்தில் விழும் இழைக்குறை துணி நெடுகக் கோடாகத் தெரியும். அதுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரவினால் கண்ணுக்குப் படாது. ஊளையும் அப்படியே அடங்கிற்று.

மற்றொன்று உந்தல். விசிறி நீரைப் பின்னுக்குத் தள்ளும்போது தண்டு கப்பலை முன்னுக்குத் தள்ளுகிறது. நேராகப் பூட்டிய காலத்தில், டர்பைனுக்குள் நீராவி எதிர்ப்பக்கமாகத் தள்ளி இதைச் சரிக்கட்டிற்று. பற்சக்கரம் குறுக்கே வந்ததும் அந்த உதவி போய்விட்டது. உந்தல் முழுவதையும் தாங்க ஓர் அண்டைக்கட்டு வேண்டியதாயிற்று. நல்லவேளையாக, ஆஸ்திரேலியாவில் மிச்செல் என்னும் பொறியாளர் 1905-இலேயே இதற்கு வழி கண்டிருந்தார். தண்டின் வளையம் சிறு சிறு சாயும் கட்டைகளின்மேல் அழுந்தும். ஒவ்வொரு கட்டையும் சற்றே சாய்ந்து எண்ணெயை ஆப்புப்போல உள்ளே இழுத்துக்கொள்ளும். இரும்பை இரும்பு தொடாமல் எண்ணெய் தாங்கி நிற்கும். அமெரிக்காவில் கிங்ஸ்பரி என்பவரும் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார்.

அதன்பின் காரியம் விரைந்து நடந்தது. 1920-இல் சேவைக்கு வந்த ஹூட் என்ற போர்க்கப்பலில் 1,44,000 குதிரைச் சக்தி பற்சக்கரங்களின் வழியாகவே போயிற்று. ஜெர்மனியில் பெட்டிங்கர் என்ற நிபுணர் பற்களே இல்லாமல், திரவத்தின் மூலம் சுழற்சியை மாற்றும் கருவி செய்திருந்தார். அதில் பத்தில் ஒரு பங்கு சக்தி வீணானதால் கப்பலில் நிலைக்கவில்லை. பிற்காலத்தில் மோட்டார் கார்களுக்குள் புகுந்து வாழ்வு பெற்றது.

பேராசையும் வந்தது. ஒரு ஜோடிப் பற்சக்கரத்துக்கு இரண்டு ஜோடி வைத்தால் டர்பைன் இன்னும் வேகமாகவும் விசிறி இன்னும் மெதுவாகவும் சுழலுமே என்று பலர் அவசரப்பட்டார்கள். கணக்கு சரிதான், வேலைத்திறம் அதற்குத் தயாராக இல்லை. 1920-களின் தொடக்கத்தில் பல கப்பல்களில் பற்கள் உடைந்தன. கப்பல்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டு ஒற்றை ஜோடிக்கே திரும்பினார்கள்.

1930-களில் அமெரிக்கக் கடற்படையார்தாம் இரட்டை ஜோடியைத் திருத்தமாகச் செய்து முடித்தார்கள். அதோடு நீராவியையும் மாற்றினார்கள். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 600 ராத்தல் அழுத்தம். ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம். மிகையாகக் காய்ச்சிய நீராவியில் ஈரம் இருக்காது. நீர்த்துளிகள் தகடுகளை அரிப்பதும் குறையும். ஒரு ராத்தல் நீராவி தரும் வேலையும் கூடும். பழைய அழுத்தத்திலேயே நின்றுவிட்ட பிரிட்டிஷ் கப்பல்கள், 1945-இல் பசிபிக்கில் அமெரிக்கருடன் சேர்ந்து போரிட்டபோது, எண்ணெய்க்காக அடிக்கடி தவிக்க நேர்ந்தது. வெஸ்பேஸியன் பிறந்த நாட்டுக்கு அந்தப் பாடம் மற்றொருவரிடமிருந்து திரும்பி வந்தது விந்தைதான்.

பார்ஸன்ஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1931 பிப்ரவரியில், மனைவியுடன் கடற்பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, ஜமெய்க்கா தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலேயே காலமானார். டச்சஸ் ஆப் ரிச்மண்ட் என்ற அந்தக் கப்பலும் பற்சக்கரம் பூட்டிய டர்பைனால் ஓடியதே.

இன்று சரக்குக் கப்பல்களிலும் பிரயாணிக் கப்பல்களிலும் டீசல் யந்திரம் டர்பைனைத் துரத்திவிட்டது. பெரிய டீசல் யந்திரம் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழப் பாதியை வேலையாக்குகிறது. கப்பல் டர்பைனால் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே வரமுடிந்தது. போதாக்குறைக்கு, அந்த டீசல் யந்திரம் தானே மெதுவாகச் சுழல்வதால் அதற்குப் பற்சக்கரமும் வேண்டாம். 1969-இல் டர்பைனுடன் ஓடத் தொடங்கிய குவீன் எலிஸபெத் 2 என்னும் பிரயாணிக் கப்பல்கூட 1987-இல் டீசலுக்கு மாறிவிட்டது. ஆயினும் அணுசக்தியால் ஓடும் கப்பல்களுக்கு நீராவியை விட்டால் கதியில்லை. நம் நாட்டு அரிஹந்த் நீர்மூழ்கியில் அணுவின் வெப்பம் நீராவியாகி டர்பைனைத்தான் சுழற்றுகிறது. 2013-இல் நம் கடற்படையில் சேர்ந்த விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலிலும் எட்டுப் பாய்லர்களும் நீராவி டர்பைன்களும் இருக்கின்றன.

நீர்மூழ்கியில் பழைய ஊளை புது ரூபத்தில் வந்து நிற்கிறது. கடலுக்கடியில் மறைந்து திரியும் கப்பலுக்குச் சப்தமே சத்துரு. பற்சக்கரம் இடும் மெல்லிய முனகலையும் பகைவனின் கருவிகள் மைல் கணக்கான தூரத்திலிருந்து கேட்டுவிடும். ஆகையால் 1960-இல் அமெரிக்கர்கள் டல்லிபீ என்ற நீர்மூழ்கியில் பற்சக்கரத்தை நீக்கிவிட்டு, டர்பைனால் மின்சாரம் உண்டாக்கி அந்த மின்சாரத்தால் விசிறியைச் சுழற்றிப் பார்த்தார்கள். சப்தம் குறைந்தது; வேகமும் குறைந்தது. 1983-இல் பிரெஞ்சுக்காரர்கள் ரூபி என்ற நீர்மூழ்கியில் அதே வழியைப் பின்பற்றினார்கள். இப்போது அமெரிக்காவில் கட்டப்பட்டு வரும் கொலம்பியா வகை நீர்மூழ்கிகளுக்கும் அந்த ஏற்பாட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.